தலையிடி இல்லாத நாளிலேயே தொடங்குங்கள்

ரியூசன் முடிந்து வந்த பிள்ளை கொப்பிப் பையைப் போட்டுவிட்டு இருட்டறையைத் தேடுகிறது. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது. தெருவில் போகும் திரீவீலர் சத்தம்கூட மண்டைக்குள் இடிக்கிறது. சோற்று மணம் பட்டாலே குமட்டுகிறது. ஓ/எல் நெருங்கும் வீட்டில் இதற்குப் பல பெயர்கள் உண்டு: படிக்கப் பஞ்சி, கண்ணூறு, பரீட்சைப் பயம். உண்மையில் இது ஒற்றைத் தலையிடியாக, அதாவது மைக்ரேனாக இருக்கலாம். மைக்ரேன் பாசாங்கு இல்லை, மூளை நரம்பு சார்ந்த நோய். பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவது. பருவமடைந்த பிறகு பெண்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுவது. 'ஒற்றை' என்ற பெயர் இருந்தாலும் பிள்ளைகளுக்கு நெற்றியின் இரு பக்கமும் வலிக்கலாம்.

மருந்தோடு சேர்த்து வீட்டில் பழகக்கூடிய ஒரு துணைப் பயிற்சி உண்டு. ஆங்கில வழி மருத்துவம் அதை 'மைண்ட்ஃபுல்னஸ்' என்கிறது. நான் இங்கே 'ஓர்மை' என்கிறேன். இந்த நொடியில் உடலிலும் மனதிலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனித்திருப்பதே அது. எங்கள் பக்கத்துச் சாகாமக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைப்பவர்களுக்குத் தெரியும், வெள்ளம் ஏறும்போது குளக்கட்டைக் கட்ட முடியாது. இந்தப் பயிற்சியும் அப்படித்தான். வலியில்லாத நாளில் பழகினால்தான் வலி வரும் நாளில் கைகொடுக்கும்.

எதை எதிர்பார்க்கலாம்?

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜோன் கபாட்-சின் இந்தப் பயிற்சியை ஒரு மருத்துவத் திட்டமாக அமைத்தார். வேர் பௌத்தத் தியானத்தில் இருந்தாலும், நாம் செய்யப்போவதில் மந்திரமோ உருவமோ வழிபாடோ இல்லை. மூச்சும் கவனமும் மட்டுமே.

மைக்ரேன் உள்ள 89 பெரியவர்களிடம் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், தலையிடி நாட்களைக் குறைப்பதில் இந்தப் பயிற்சி தலையிடி பற்றிய கல்வியை மிஞ்சவில்லை. ஆனால் வலியால் வாழ்க்கை முடங்குவதும் வலியைப் பற்றிய பெரும்பயமும் பயிற்சி பெற்றவர்களிடம் கூடுதலாகக் குறைந்தன. பதின்ம வயதினரிடம் ஓர்மைப் பயிற்சி பற்றி நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகளே. அவர்களுக்கு வலுவான சான்று இருப்பது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சைக்கு. 10 முதல் 17 வயது வரையான 135 பேரிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், மருந்தோடு இச்சிகிச்சையும் பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்குத் தலையிடி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. மருந்தோடு தலையிடிக் கல்வி மட்டும் பெற்றவர்களில் அது 36 சதவீதம். ஆகவே ஓர்மையை மருந்துக்கு மாற்றாக எண்ண வேண்டாம். பயத்தைக் குறைத்து, பிள்ளை இழக்கும் நாட்களை மீட்டுத் தரும் துணையாக எண்ணுங்கள்.

முதலில் வைத்தியரிடம்

இது மைக்ரேன்தானா என்பதை வைத்தியர் சொல்லட்டும். அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆதார வைத்தியசாலைகளிலோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ காட்டலாம். அரச வைத்தியசாலையில் பார்க்கக் காசில்லை.

பின்வருவன இருந்தால் பயிற்சியை மறந்துவிட்டு உடனே போங்கள்:

- திடீரென்று, இதுவரை வராத கடுமையோடு வந்த வலி
- காய்ச்சலும் கழுத்து விறைப்பும்
- கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம்
- தலையில் அடிபட்ட பிறகு வந்த வலி
- தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காலையில் வாந்தியோடு வரும் வலி

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

படி 1: ஒரு கொப்பி

எட்டாம் வாரம் வரை பிள்ளையே எழுதட்டும்: வலி வந்த நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முந்திய இரவின் தூக்கம், தவறிய சாப்பாடு, குடித்த தண்ணீர், போட்ட மருந்து, போகாத பள்ளிக்கூடம். பெண்பிள்ளை என்றால் மாதவிடாய் நாளும். வைத்தியரிடம் போகும்போது இந்தக் கொப்பி கையில் இருக்கட்டும்.

படி 2: நேரத்தை ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு கட்டுங்கள்

புதிதாக ஒரு நேரம் ஒதுக்கினால் மூன்றாம் நாள் மறந்துவிடும். சுபஹ் தொழுத பிறகு முசல்லாவிலிருந்து எழும்புமுன் ஐந்து நிமிடம் வசதி. திருக்கோவில் பக்கத்துப் பிள்ளைக்கு மாலை விளக்கேற்றிய பிறகு. முதல் வாரம் இரண்டு நிமிடம் போதும், பிறகு ஐந்து, ஒரு மாதத்தில் பத்து.

படி 3: மூச்சைக் கவனித்தல் (முதலிரு வாரம்)

முதுகு நேராக, தோள் தளர்வாக இருக்கட்டும். மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். மூக்கு நுனியில் காற்று பட்டுப் போவதையும் வயிறு எழுந்து தணிவதையும் கவனித்தால் போதும். மனம் சோதனைத் தாளுக்கோ கைத்தொலைபேசிக்கோ ஓடும். ஓடியது தெரிந்ததும் திரும்பி வருவதுதான் பயிற்சி. நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பலாம், அதில் தோல்வி இல்லை.

படி 4: பாதத்திலிருந்து தொடங்குதல் (மூன்றாம், நான்காம் வாரம்)

பாயில் படுத்துக்கொண்டு கால்விரல், குதிகால், முழங்கால், இடுப்பு, கை, தோள் என்று ஒவ்வொன்றாகக் கவனம் போகட்டும். தலையைக் கடைசிக்கு வையுங்கள். தொடக்கத்திலேயே தலைக்குப் போனால் பிள்ளை வலியைத் தேடத் தொடங்கிவிடும். பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொல்லலாம்: "மகள், காலு ரெண்டும் பாயில முட்டுறது வெளங்குதா? அதுல கொஞ்ச நேரம் நில்லுங்க." தாடையும் புருவமும் இறுகியிருந்தால் தளரட்டும்.

படி 5: ஓசையும் எண்ணமும் (ஐந்தாம் வாரம் முதல்)

முற்றத்தில் இருந்து கேட்கும் ஒவ்வொரு ஓசையையும் கவனிக்கட்டும்: பாங்கு, உழவு இயந்திரம், காகம், தூரத்துக் கடல். ஓசை வருகிறது, போகிறது. எண்ணமும் அப்படித்தான். "நாளைக்கும் வலி வரும், சோதனை போச்சு" என்று மனம் சொன்னால், "இது ஒரு எண்ணம்" என்று பெயர் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்பட்டும். நாளை வரப்போகும் வலியை நினைத்து இன்றே வலிப்பதை இந்தப் படி தணிக்கும்.

படி 6: வலி தொடங்கும்போது

வரிசை முக்கியம். வைத்தியர் எழுதித் தந்த மருந்தை, தந்த அளவில், தொடக்கத்திலேயே கொடுங்கள். "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருந்தால் அதன் வேலை குறையும். பிறகு தண்ணீர், இருட்டான அமைதியான அறை. அதன் பிறகுதான் ஓர்மை: கவனம் பாதத்தில், வெளிமூச்சு சற்று நீளமாக. வலியை விரட்ட முயல வேண்டாம். முடியாவிட்டால் தூங்கட்டும், தூக்கமும் மருந்துதான்.

மூன்று எச்சரிக்கைகள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அஸ்பிரின் கொடுக்காதீர்கள். காய்ச்சலோடு தலையிடி வந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது பரசிட்டமோல் தவிர வேறு வலிமருந்து கொடுக்காமல் வைத்தியரிடம் போங்கள். மேலும், சாதாரண வலிமருந்தை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மருந்தே தலையிடியை வளர்க்கும்.

படி 7: நாளின் ஒழுங்கு

தூங்கும் நேரமும் எழும்பும் நேரமும் விடுமுறையிலும் மாறாதிருக்கட்டும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். வெறும் தேத்தண்ணீரோடு காலை வகுப்புக்கு அனுப்ப வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர்ப் போத்தல் பையில் இருக்கட்டும்.

நோன்பு மாதத்தில் தூக்கம், சாப்பாடு, தேத்தண்ணீர், தண்ணீர் எல்லாமே நேரம் மாறும். சஹரைத் தவறவிடாமல், தேத்தண்ணீரை ரமழானுக்கு முன்பிருந்தே சிறுகச் சிறுகக் குறையுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. வலி கடுமையான பிள்ளையின் நோன்பைப் பற்றி வைத்தியரிடமும் மௌலவியிடமும் கேளுங்கள்.

பெற்றோருக்கு

"பயிற்சி செஞ்சீங்களா?" என்று சோதிப்பதைவிட, பக்கத்தில் அமர்ந்து நீங்களும் செய்வது பலன் தரும். வலி வந்தபோது "ஓர்மை சரியா செய்யல்ல" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். வலிக்குப் பிள்ளை குற்றவாளி இல்லை. ஓதித் தண்ணீர் கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள், அதற்காக மருந்தையும் வைத்தியரையும் தள்ளிப்போட வேண்டாம். வகுப்பாசிரியரிடம் நோயைச் சொல்லி, தேவைப்படும்போது பிள்ளை தண்ணீர் குடிக்கவும் சற்று நேரம் தலை சாய்க்கவும் அனுமதி கேளுங்கள்.

கண் மூடும்போது பதற்றமோ துயர நினைவோ கூடினால், கண் திறந்தபடி நடந்துகொண்டே செய்யட்டும். அதுவும் முடியாவிட்டால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

படி 8: எட்டாம் வாரக் கணக்கு

கொப்பியைப் பிள்ளையோடு சேர்ந்து விரியுங்கள். தலையிடி நாட்களை மட்டும் எண்ணிவிட்டு மூடிவிடாதீர்கள். பள்ளிக்கூடம் போகாத நாள் குறைந்ததா? வலி தொடங்கியதும் வரும் அழுகை குறைந்ததா? வலி விட்ட மாலையிலேயே விளையாடப் போனதா? மூன்றிலும் மாற்றமில்லை என்றால் அதே கொப்பியோடு வைத்தியரிடம் போய் அடுத்த வழி கேளுங்கள். ஒன்றில் மாற்றம் தெரிந்தாலும் அந்தப் பக்கத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அது பிள்ளையே தன் கையால் எழுதிய கணக்கு.