போனஸ்ல கையில நிக்கிறது எவ்வளவு?

தீபாவளி நெருங்கினா சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கம் பட்டாசு ஆபீஸ்ல, அதாவது தொழிற்சாலையில, போனஸ் போடுவாங்க. அதே வாரம்தான் செல்போன்லயும் ‘வெல்கம் போனஸ்’, ‘80 சதவீதம் தள்ளுபடி’ன்னு மெசேஜ் வந்து குவியும். எது நிஜமாவே காசு, எது வெறும் எழுத்துன்னு எங்க வீட்டுல பார்க்கிற முறையைச் சொல்றேன் தோழிகளே.

1. காசு வெச்சு ஆடுற ஆன்லைன் ரம்மி, போக்கரைத் தடை செஞ்சு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டு வந்துச்சு. அதோட பேர் தெரிஞ்ச கம்பெனிகள் காசு ஆட்டத்தை நிறுத்திட்டாங்க. அதுக்கு அப்புறமும் போனஸ் தர்றேன்னு கூப்பிடுறவங்க சட்டத்துக்கு வெளியே நடத்துறவங்க. பணம் நின்னு போனா கேட்க ஆள் கிடையாது, அதனால அந்த போனஸை பூஜ்யம்னே எழுதிக்கோங்க.

2. வீட்டுப் பிள்ளைங்க நம்பலைன்னா திட்டாதீங்க, கணக்குப் போட்டுக் காட்டுங்க. தடை வர்றதுக்கு முன்னாடி எங்க கொழுந்தன், “மதினி, 2,000 கட்டினேன், 2,000 போனஸ் வந்திருக்கு”ன்னு துள்ளிக்கிட்டு வந்தான். நிபந்தனையைப் படிச்சா, ஆட்டத்துல 100 ரூபாய் கமிஷன் கட்டினாத்தான் 20 ரூபாய் போனஸ் திறக்குமாம். அப்போ 2,000 முழுசாத் திறக்க 10,000 ரூபாய் கமிஷன் போகணும். ஆடுற பணத்துல நூத்துக்கு அஞ்சு கமிஷன்னு வெச்சுக்கிட்டா, அவன் கையில இருந்து மொத்தம் 2 லட்சம் ரூபாய் பந்தயத்துல உருண்டிருக்கணும்! அவன் கட்டுற கமிஷன்ல அஞ்சுல ஒரு பங்கை அவனுக்கே திருப்பிக் கொடுக்கிறதுக்குத்தான் போனஸ்னு பேர் வெச்சிருந்தாங்க.

3. கெடு தேதியைப் பாருங்க. அந்த போனஸுக்கு 30 நாள்தான் கெடு. 10,000-ஐ 30 ஆல வகுத்தா தினமும் 333 ரூபாய் கமிஷன், அதுக்கு ராத்திரி எல்லாம் கண் முழிக்கணும். மறுநாள் பட்டாசு மருந்து செலுத்துற ரூமுக்குப் போற கைக்கு நல்ல தூக்கம் வேணும், அதுக்கு எந்த போனஸும் ஈடாகாது.

4. வரியையும் சேர்த்துப் பாருங்க. 2023 அக்டோபர் 1-ல இருந்து ஆட்டத்துக்குக் கட்டின பணத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது, 100 ரூபாய் போட்டா அதுல 22 ரூபாய் கிட்ட வரியாப் போச்சு. சில ஆப்ல அந்த வரி அளவுக்கு போனஸ்னு ஏத்திக் காட்டினாங்க. மொத்தத்துல ஜெயிச்சு எடுத்தாலும் அந்த லாபத்துல 30 சதவீதம் பிடிச்சுட்டாங்க.

5. நம்ம ஊர்ல அச்சடிச்ச காலண்டர் தாளோட பின்பக்கம் ரெண்டு பத்தி போடுங்க: ‘பேங்குக்கு எடுக்கலாம்’, ‘உள்ளேயே செலவழிக்கணும்’. கேஷ்பேக், பாயின்ட், கூப்பன் எதுவானாலும் முதல் பத்தியில வர்றது மட்டும்தான் பணம்.

6. ‘உங்க போனஸை ரிலீஸ் பண்ண முதல்ல வரி கட்டுங்க’ன்னா அது மோசடி, ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. ஏற்கனவே அனுப்பிட்டா அந்த நிமிஷமே 1930-க்குப் போன் பண்ணுங்க. சொல்ல வெட்கப்பட்டு ஒரு நாள் கடத்தினா பணத்தை மடக்குறது கஷ்டமாயிரும்.

7. பட்டாசு விலைப்பட்டியல்லயும் இதே கூத்துதான். 500 போட்டு 80 சதவீதம் தள்ளினா 100 ரூபாய். பக்கத்துக் கடையில 300 போட்டு 70 சதவீதம் தள்ளினா 90 ரூபாய். சதவீதத்தைக் கையால மறைச்சுட்டு கடைசி விலையைப் பாருங்க, பெட்டிக்குள்ள அஞ்சு இருக்கா பத்து இருக்கான்னு எண்ணுங்க, பேக்கிங்கும் லாரி வாடகையும் கூட்டுங்க.

8. ஆன்லைன்ல பட்டாசு விக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர்லயே சொல்லியாச்சு. சிவகாசி பேரைப் போட்டு முன்பணம் கேட்கிற பக்கங்களை வெளியூர்ச் சொந்தக்காரங்க நம்பிடப் போறாங்க, அவங்களுக்கும் சொல்லி வைங்க. இங்கே வந்து வாங்கினாலும் ரயில்ல கொண்டு போகக் கூடாது.

9. தீபாவளிச் சீட்டுல மாசம் 500 வீதம் 12 மாசம்னா 6,000. தர்ற சாமான்களைத் தனித்தனியா மளிகைக் கடையில விலை விசாரிச்சுக் கூட்டுங்க. ‘இலவசமா’ வர்ற எவர்சில்வர் பாத்திரத்தோட விலை அதுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும். பேங்க் ஆர்.டி.ல 12 மாசத்துக்குப் போட்டா வட்டியும் வரும், நமக்கு வேணுங்கிறதை மட்டும் வாங்கலாம்.

10. உண்மையான போனஸ் உழைச்சு வாங்குற போனஸ்தான், அதையும் சரிபாருங்க. போனஸ் சட்டத்துக்குள்ள வர்ற ஆபீஸ்ல வருஷத்துக்கு 30 நாள் வேலை பார்த்தாலே உரிமை உண்டு, கணக்குக்கு எடுக்கிற வருஷச் சம்பளத்துல குறைஞ்சது 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டுல ஒரு பங்கு.

11. தீபாவளி முடிஞ்சு ஆபீஸ் திறக்கச் சில வாரம் ஆகும், அப்போ சம்பளம் கிடையாது. போனஸ் வந்த அன்னிக்கே அந்த வாரங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சிலிண்டர் காசை எடுத்து வைங்க. தீபாவளிப் பலகாரத்துல சாத்தூர் சேவு முன்கூட்டியே வாங்கி டப்பாவுல போட்டு வைக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மட்டும் தீபாவளிக்கு முந்தின நாள் வாங்குங்க.