உட்செவியும் உழைக்கும் அன்னையும்

செவி என்பது கேட்பதற்கு மட்டுமே அமைந்த பொறி என்று பலரும் கருதுகின்றனர். அக்கருத்து பாதி உண்மையே. பொட்டெலும்பினுள் பொதிந்து கிடக்கும் உட்செவியில் இரண்டு கருவிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நத்தையின் ஓடுபோல் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருப்பது ஒலியை உணர்த்துவது. அதனை ஒட்டி நிற்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் இரு சிறு பைகளும் தலையின் அசைவையும் சாய்வையும் மூளைக்கு அறிவிப்பன. இரண்டிலும் நிறைந்துள்ள நீர்மம் ஒன்றோடொன்று தொடர்புடையது. ஆதலின் ஒன்றைத் தாக்கும் நோய் மற்றொன்றையும் தாக்குவதுண்டு.

இவ்வுண்மை அறிஞர்களுக்கு எளிதிற் புலப்படவில்லை. 1820களில் புளூரான்சு என்னும் பிரெஞ்சு அறிஞர் புறாக்களின் அரைவட்டக் குழல்களை அறுத்து ஆராய்ந்தார். அப்புறாக்களுக்குக் காது கேட்டது. ஆனால் அவை நிலைதடுமாறிச் சுழன்றன. ஆயினும் மருத்துவ உலகம் தலைசுற்றலை, மூளையில் குருதி மிகுவதால் வரும் நோயென்றே நெடுங்காலம் எண்ணியது. நோயாளியின் குருதியை வெளியேற்றி அவரை மேலும் தளர்த்தியது. பாரிசு நகரில் காது கேளாதோர் கல்வி நிலையத்தின் மருத்துவராயிருந்த பிராசுப்பர் மெனியேர் 1861இல் இக்கருத்தை மறுத்தார். காது இரைச்சலும், கேட்கும் திறன் குறைதலும், தலைசுற்றலும் ஒருங்கே வருமாயின் நோயின் இருப்பிடம் உட்செவியே என்றார் அவர். அந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

மெனியேர் நோயில் உட்செவியின் நீர்மம் மிகுந்து விடுகிறது. ஏன் மிகுகிறது என்பது இன்னும் முழுமையாகத் தெளியப்படவில்லை. பெரும்பாலும் ஒரு காதிலேயே நோய் தொடங்கும். காது அடைத்தாற்போல் இருக்கும், இரைச்சல் எழும், பின்னர் அறையே சுழல்வதுபோன்ற கிறுகிறுப்பும் வாந்தியும் தோன்றும். அரைமணி நேரத்தில் தீரினும் தீரும். அரைநாள் நீடிப்பினும் நீடிக்கும். எப்பொழுது வரும் என்று முன்கூட்டி அறிய இயலாமையே இந்நோயின் பெருங்கொடுமை. உடலுரம் மிக்கவர்களையும் அது விடுவதில்லை. அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் செப்பர்டு 1963இல் இந்நோயால் பறக்கும் தகுதியை இழந்தார். 1968இல் அறுவை மருத்துவம் செய்துகொண்டு, 1971இல் நிலவில் நடந்தார். எனினும் எல்லார்க்கும் அத்தகைய பயன் கிட்டுவதில்லை.

வீட்டையும் வேலையையும் ஒருங்கே தாங்கும் தாயொருத்தியை இந்நோய் பற்றினால் அவர் படும் பாடு பெரிது. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் கரும்பலகையில் எழுதும்போது பின்னிருந்து ஒரு மாணவன் ஐயம் வினவினால் அவருக்குக் கேட்பதில்லை. கேட்டாலும் குரல் எப்பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிவதில்லை. ஒலியின் திசையை அறிய இரண்டு காதும் வேண்டும். சட்டெனத் திரும்பினாலோ கால் தள்ளாடும். ஆசிரியர் அறையில் நால்வர் கூடிப் பேசினால் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து வெறும் இரைச்சலாகின்றன. அவர் விடை கூறாதிருத்தலைச் செருக்கென்றும், தள்ளாடுதலைச் சோம்பலென்றும், விடுப்பு எடுத்தலைச் சாக்கென்றும் பிறர் கொள்கின்றனர். கட்டுப்போட்ட காலைக் கண்டு இருக்கையை நல்குவோர், காணவியலா நோயைச் சொன்னால் ஐயுறுகின்றனர். கற்றோரிடத்தும் இது காணப்படுதல் வருந்தத்தக்கது.

வீட்டிலோ இன்னல் வேறு வகையினது. கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி மாடிப்படி இறங்குதல் அவருக்குப் பேரச்சம். நல்ல காது தலையணையில் புதையுமாறு உறங்கினால் குழந்தையின் அழுகுரல் எட்டுவதில்லை. பிள்ளை அழுதது கேளாமல் உறங்கிவிட்டோமே என்னும் ஏக்கம் தலைசுற்றலினும் கொடிது.

ஆயினும் இந்நோயோடு வாழ வழி இல்லாமற் போகவில்லை. மனிதன் நிலைதவறாது நிற்பதற்கு உட்செவியோடு கண்ணும், பாதம் மூட்டு ஆகியவற்றின் உணர்வும் துணைசெய்கின்றன. செவி கைவிடும்போது மற்றவை அப்பணியை ஏற்கப் பழகுகின்றன. அதற்கென்றே உடற்பயிற்சிகள் உள்ளன. ஆனால் இருளில் கண்ணின் துணை அற்றுப்போகும். எனவே படுக்கையிலிருந்து அடுக்களை வரை இரவெல்லாம் சிறு விளக்கு எரிய வேண்டும். கண்ணை மூடித் தலைக்கு நீர் வார்க்கும்போது முக்காலியில் அமர வேண்டும். பரண்மேல் உள்ள பாத்திரத்தைப் பிறரே எடுத்துத் தரவேண்டும். உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் பலர் கூறுவதால் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் விலக்கப்படுகின்றன. நாவுக்கு இது சிறு துன்பமன்று! கிறுகிறுப்பின் முதற்குறி தோன்றியவுடன் குழந்தையைத் தரையில் இருத்தித் தாமும் அமர்ந்துவிடுதல் எல்லாவற்றினும் முதன்மையானது.

பள்ளியில் வேண்டுவன மிகச் சிலவே. மாணவர் கையுயர்த்தி, ஆசிரியையின் பார்வை தம்மேல் படிந்தபின் பேசினால் போதும். காது கேட்கும் கருவி உதவும். எனினும் அது பேச்சோடு இரைச்சலையும் பெருக்குவதால் வகுப்பின் அமைதியே அதற்கு உற்ற துணை. பணிக்காலத்தில் இயலாமை உற்ற அரசு ஊழியரைப் பணியினின்று நீக்குதலோ பதவி தாழ்த்துதலோ கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் விதிக்கிறது. பலர் இதனை அறியாமல் தாமாகவே வேலையைத் துறந்து விடுகின்றனர்.

குழந்தையின் அழுகுரலை உணர்ந்து விளக்கை மின்னச் செய்தோ, தலையணைக்கடியில் அதிர்ந்தோ தாயை எழுப்பும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. அவை இல்லாத வீட்டில், கேளாத காதைத் தலையணைப் பக்கம் வைத்துத் தாய் உறங்குகிறார். கிறுகிறுப்பு மிக்க இரவுகளில் தந்தை குழந்தையின் அருகே படுத்துக்கொள்கிறார். மூத்த மகள் எப்பொழுதும் தாயின் நல்ல காதுப் பக்கமாகவே நடக்கிறாள். பேசக் கற்றுவரும் சிறு குழந்தையோ, தாயின் கன்னத்தைத் தன் கையால் திருப்பிய பின்னரே சொல்லத் தொடங்குகிறது.