கோர்ட்டிலிருந்து கம்பெனிக்கு

நல்லூர், விருத்தாசலம் பக்கம் ஜூனியராக வாய்தா வாங்கிக்கொண்டிருப்பவருக்கு, கார்ப்பரேட் லீகல் வேலை என்றாலே சென்னை ஐ.டி. பார்க்தான் நினைவுக்கு வரும். அங்கே போவதற்கான பயிற்சிக் களம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது: செராமிக் பட்டறைகள்.

1. சட்டத்தைப் பணமாகவும் நாளாகவும் பேசப் பழகுங்கள். 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பீங்கான் பொம்மை செய்து அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவருக்கு இதைப் பிரிவு எண் சொல்லாமல் ஐந்து நிமிடத்தில் புரியவையுங்கள். பிறகு எதிர் நாற்காலிக்கு மாறுங்கள். நீங்கள் வாங்கும் கம்பெனியின் ஆள். எந்த சப்ளையர் உத்யம் பதிவு வைத்திருக்கிறார், எந்த பில் 40 நாளைத் தொட்டுவிட்டது? அந்தப் பட்டியலை, கேட்பதற்கு முன்பே ஃபைனான்ஸ் மேனேஜர் மேஜையில் வைப்பவரைத்தான் கம்பெனி தேடுகிறது. வழக்கை ஜெயிப்பவர்கள் வெளியே நிறையப் பேர் கிடைப்பார்கள்.

2. விலையைத் தெரிந்துகொண்டு சேருங்கள். பார் கவுன்சில் விதி 49-இன்படி, முழுநேரச் சம்பளத்தில் இருக்கும்வரை வக்கீல் தொழில் செய்யக் கூடாது. வேலையில் சேர்ந்ததைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வு உங்கள் கனவா? அதற்குத் தொடர்ச்சியாக 7 ஆண்டு அனுபவம் தேவை. இடையில் கம்பெனிக்குப் போனால் அந்தக் கணக்கு அறுந்துவிடும். இரண்டு படகிலும் கால் வைக்க நினைப்பவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது: இன்றே ஒன்றை முடிவு செய்யுங்கள்.

3. ரெஸ்யூமேயில் "200 வழக்குகளில் ஆஜர்" என்று எழுதாதீர்கள். எத்தனை ஒப்பந்தம் டிராஃப்ட் செய்தீர்கள், எத்தனை செக் பவுன்ஸ் நோட்டீஸ் கோர்ட்டுக்குப் போகாமலே பணமாக முடிந்தது என்று எழுதுங்கள். கட்சிக்காரர் பெயர் வேண்டாம். அதை மறைக்கத் தெரிந்தவர் என்பதே நல்ல அபிப்பிராயம் தரும்.

4. இமெயிலில் நிதானம். முழுநேர இன்-ஹவுஸ் கவுன்சிலுக்கு, பிராக்டீஸ் செய்யும் வக்கீலுக்குரிய ரகசியப் பாதுகாப்பு கிடையாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஊகத்தை எழுதாதீர்கள், உண்மையை எழுதுங்கள். விஷயம் சிக்கலானால் வெளி வக்கீலை முதல் நாளே கூப்பிடச் சொல்லுங்கள். இண்டர்வியூவில் இதை நீங்களே எடுத்துப் பேசினால் போட்டியாளரைவிட ஒரு படி மேலே நிற்பீர்கள்.

5. இந்த வாரமே தெரிந்த பட்டறை ஒன்றுக்குப் போங்கள். அவர்களுடைய பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றை வாங்கிப் படித்து, டெலிவரி, உடைசல், பணம் மூன்றிலும் எங்கே ஓட்டை என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஃபீஸ் கேட்காதீர்கள், ஓனர் எந்த வரியில் நின்று கேள்வி கேட்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.