இறக்குமதி மின்கித்தாரின் விலையும் தரமும்

பொருளின் விலை வேறு, அதன் மதிப்பு வேறு என்பதை யாவரும் அறிவர். ஆயினும் இசைக்கருவி வாங்கப் புகுவோர் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றெனவே கொண்டு மயங்குகின்றனர். விலை மிக்கதே நல்லது என்பார் ஒருசாரார். எல்லாம் ஒன்றே, பெயருக்குத்தான் பணம் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஓரளவே உண்மை. எளிய விலையில் அயல்நாட்டினின்று வரும் மின்கித்தாரை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இஃது அற்பமான ஆராய்ச்சியன்று. குறையுள்ள கருவியிற் பயிலத் தொடங்கும் மாணவன், அக்குறையைத் தன் விரலின்மேலும் செவியின்மேலும் ஏற்றிக்கொண்டு, 'இசை நமக்கு வாராது' என்று சில திங்களிலேயே கைவிட்டு விடுகின்றான். குற்றம் கருவியினது, தண்டனையோ கற்பவனுக்கு.

மின்கித்தாருக்கு வீணையின் குடம் போன்றதோர் ஒலிப்பேழை வேண்டுவதில்லை. எஃகுத் தந்தி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச்சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. அதனைப் பெருக்கி ஒலிபெருக்கியின் வாயிலாகக் கேட்கின்றோம். உள்ளீடற்ற உடல் வேண்டாமையால் ஒரு மரப்பலகையே உடலாக அமையலாம் என்பதைக் கண்டு, அதனைத் தொழிற்சாலைப் பண்டமாக ஆக்கியவர் லியோ பெண்டர் என்னும் அமெரிக்கர். கலிபோர்னியாவிலுள்ள புல்லர்ட்டன் நகரில் 1950ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கித்தாரில், தண்டும் உடலும் தனித்தனியே செய்யப்பெற்றுத் திருகாணிகளால் இணைக்கப்பட்டன. இவ்வெளிமையே பிற நாட்டார் அக்கருவியைப் பார்த்துச் செய்வதற்கும் வழி திறந்தது.

ஜப்பானியர் 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கருவிகளை அச்சொட்டாகச் செய்து அனுப்பினர். கிப்சன் நிறுவனத்தின் உரிமையாளராயிருந்த நார்லின் குழுமம், ஐபனீசு கித்தார்களின் தலைப்பகுதி வடிவம் தம்முடையதே என்று 1977இல் வழக்கிட்டது. தீர்ப்பின்றியே அது சமாதானத்தில் முடிந்தது. பின்னர்ப் பெண்டர் நிறுவனமே 1982இல் ஜப்பானிற் கிளை அமைத்து, மட்சுமோட்டோ நகரத்துத் தொழிற்சாலையிற் கித்தார் செய்வித்து, 'ஸ்க்வையர்' என்னும் பெயரால் விற்கலாயிற்று. அப்பெயர் மிச்சிகன் மாநிலத்துப் பழைய தந்தி வணிகர் ஒருவருடையது. அவரது நிறுவனத்தைப் பெண்டர் 1965இல் வாங்கியிருந்தது. அந்நாளைய ஜப்பானியக் கருவிகள் இன்றும் விரும்பித் தேடப்படுகின்றன. 1985க்குப் பின் யென் நாணயத்தின் மதிப்பு உயரவே, எளிய விலைக் கித்தார்த் தொழில் தென்கொரியாவுக்கும், பின்பு இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் பெயர்ந்தது. எனவே கித்தாரின் தலையிற் பொறித்த நாட்டின் பெயர், அவ்வாண்டில் எங்கே கூலி குறைவாயிருந்தது என்பதையே பெரிதும் தெரிவிக்கின்றது. தரத்தை அறிதற்கு அஃது உரைகல் ஆகாது.

அவ்வாறாயின் விலை குறைந்த கருவியில் எது குறைகின்றது? நம் கருத்தில், கைவேலையே குறைகின்றது. கணிப்பொறியால் இயங்கும் கடைசல் எந்திரங்கள், உடலையும் தண்டையும் மெட்டு பதிக்கும் கீற்றுகளையும் மயிரிழை பிசகாமற் செதுக்குகின்றன. எந்திரத்திற்கு ஏழைக் கருவி, செல்வக் கருவி என்ற வேற்றுமை இல்லை. ஆனால் மெட்டுகளை ஒரே மட்டமாக அராவுதல், அவற்றின் முனைகளை மழுக்குதல், தந்தி தங்கும் பள்ளங்களை அளவறிந்து ஆழமாக்குதல் ஆகியவற்றுக்குப் பழகிய கையும் பொறுமையும் நேரமும் வேண்டும். விலையைக் குறைக்க விரும்புவோர் முதலில் வெட்டுவது இந்நேரத்தையே.

கையின் விலையைப் பேசுங்கால் ஒன்றை மறைத்தல் தகாது. பல பெயர்களுக்காகக் கித்தார் செய்து தரும் கோர்ட் நிறுவனத்தின் தென்கொரியத் தொழிலாளர் 2007இல் வேலையினின்று நீக்கப்பட்டுப் போராடத் தொடங்கினர். உடன்பாடு 2019இலேதான் எய்தப்பட்டது. கூலியாளின் கூலியைக் குறித்து வேதம் கடிந்துரைப்பதைக் கேட்டு வளர்ந்த நாம், மலிவு என்னும் சொல்லை இதன்பின் அத்துணை எளிதாகச் சொல்லிவிட இயலவில்லை.

இனி, கருவியைக் கையிலெடுத்துப் பார்க்கும் முறை. முதலில் தண்டின் நீளத்தில் ஒரு கண்ணால் நோக்குக. சிறிது வளைந்திருப்பின் கவலையில்லை. தண்டினுட் பொதிந்த இரும்புக்கம்பியை முறுக்கி அதனைத் திருத்தலாம். கயிறு போல் முறுக்கிக்கொண்டிருப்பின் அக்கம்பியாற் பயனில்லை. கருவியை அங்கேயே வைத்துவிடுதல் நன்று.

அடுத்து மெட்டுகள். வீணையின் மெட்டுகள் மெழுகிற் பதிக்கப்படுவன. சுருதி பிசகினால் மேளம் கட்டுவோர் அவற்றைப் பெயர்த்து மீண்டும் அமைப்பர். கித்தாரின் மெட்டோ மரத்தில் வெட்டிய கீற்றில் அறையப்படுகின்றது. கீற்று பிழைபட்டால் அக்கருவியின் ஆயுள் முழுதும் பிழையே. நல்வினையாக இவ்வேலையை எந்திரம் ஏற்றுக்கொண்டதால், இக்காலத்து மலிவுக் கருவிகளில் இப்பிழை அரிது. சோதிப்பதும் எளிது. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டராயின், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 324இல் நிற்றல் வேண்டும். அம்மெட்டின் நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் எழும் மணியோசையும், அங்கே அழுத்தி மீட்டினால் எழும் ஒலியும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் குதிரையிலுள்ள திருகைத் திருப்பித் தந்தியின் நீளத்தைச் சிறிது மாற்றிச் சரிசெய்யலாம்.

ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் விரைவின்றி மீட்டிக் கேட்க வேண்டும். எங்கும் கரகரப்பு எழுந்தால், தந்தி தாழ்ந்திருத்தலோ தண்டின் வளைவோ காரணமாகலாம், இவை திருத்தத்தக்கன. ஓரிடத்தில் மட்டும் எழுந்தால் அடுத்த மெட்டு மேடாயுள்ளது என்க. தண்டின் ஓரத்தில் கையை ஓட்டினால் முள்போல் உறுத்துமாயின், மரம் உலர்ந்து சுருங்க, மெட்டின் முனை வெளிப்பட்டுள்ளது. அராவினால் தீரும், ஆனால் அதற்குரிய கூலியை விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

கற்பவரை மிக வருத்துவதோ வேறொன்று. தண்டின் தலைமாட்டில் தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு பட்டை ஒன்று உண்டு. மலிவுக் கருவிகளில் இப்பள்ளங்கள் பெரும்பாலும் ஆழம் போதாதனவாய் விடப்படும். அப்போது முதல் மெட்டில் அழுத்துகையில் தந்தி மிகையாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். வெறுந்தந்திகள் யாவும் சரியாகக் கூட்டப்பட்டிருக்கும். சுரங்களைச் சேர்த்து மீட்டியதும் கேடாய் ஒலிக்கும். மாணவன் தன் செவியை நொந்துகொள்வது இங்கேதான். இரண்டாம் மூன்றாம் மெட்டுகளுக்கிடையே தந்தியை அழுத்தி, முதல் மெட்டின்மேல் எஞ்சும் இடைவெளியை நோக்குக. மயிரிழையளவே இருத்தல் வேண்டும்.

மரம் எது, வண்ணம் எது என்று கடைகளில் நிகழும் நீண்ட வாதங்கள் நமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. முறுக்காணிகள் நெகிழ்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். காந்தச்சுருள்களும் அவ்வாறே. எளிய கருவிகளில் எஃகு முளைகளின் கீழ் பீங்கான் வகைக் காந்தத்தை ஒட்டியிருப்பர். விலை மிக்கவற்றில் அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு கலந்த காந்தமே முளையாக நிற்றல் உண்டு. முன்னது சற்றுக் கூர்மையாக ஒலிக்கும் என்பர். அக்கூர்மையையே விரும்புவாரும் உளர்.

கடைச்சுவரில் நெடுநாள் தொங்கிய கருவியின் தந்தி, கடற்கரை ஊர்களில் விரைவில் துருவேறிப் போகும். துருவேறிய தந்தியில் மேற்கூறிய சுருதிச் சோதனை பொய்யே கூறும். ஆதலின் ஒரு கட்டுப் புதுத் தந்தியைக் கையோடு கொண்டுசென்று, அதனைப் பூட்டித் தருமாறு கடைக்காரரை வேண்டுக. வாங்கும் நோக்கம் உடையவர் என்று தெளிந்தால் பெரும்பாலும் அவர் மறுப்பதில்லை.