மிதிவண்டிக்கு மின்விசை: அயல்நாட்டுச் சாதனத்தை வாங்குமுன் ஆராய வேண்டியவை

இந்தியக் குடும்பங்களுள் 44.8 சதவீதத்தினரிடம் மிதிவண்டி இருந்ததென 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. பால் வியாபாரியும், செய்தித்தாள் போடுபவரும், ஆலைத் தொழிலாளியும் நாள்தோறும் பல கிலோமீட்டர் தொலைவை மிதித்தே கடக்கின்றனர். புதிய மின் ஸ்கூட்டர் வாங்க வசதியற்ற ஒருவர், தம்மிடமுள்ள மிதிவண்டியிலேயே சிறு மோட்டார் ஒன்றைப் பொருத்திக்கொள்ள எண்ணுவது இயல்பே. இதற்கான மாற்றுச் சாதனங்கள் சீனாவின் சூசௌ நகரத்திலிருந்து கனடாவின் வான்கூவர் நகரம் வரை பல இடங்களிலிருந்து விற்கப்படுகின்றன. விலைப்பட்டியலில் காணும் தொகை கவர்ச்சியாகவும் இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு சாதனமும் ஏதோ ஒரு நாட்டின் சட்டத்தையும், அந்நாட்டு மிதிவண்டியின் அளவையும் மனத்திற் கொண்டே தயாரிக்கப்படுகிறது. எனவே வாங்குபவர் விலைப்பட்டியலிலிருந்து தொடங்காமல், தம் வண்டியிலிருந்தும் தம் நாட்டு விதிகளிலிருந்தும் தொடங்க வேண்டும். இவ்வாறு தொடங்காத கொள்முதலில் பணம் விரயமாவதோடு, சட்டச் சிக்கலும் நேரக்கூடும்.

சாதனத்தில் அடங்குவன

மாற்றுச் சாதனத்தின் இதயம் சக்கரத்தின் நடுவே அமையும் ஹப் மோட்டார். இதில் இருவகை உண்டு. பற்சக்கரங்கள் உள்ளமைந்த மோட்டார் எடை குறைந்தது. மோட்டார் நின்றபோதும் வண்டியை எளிதாக மிதிக்கலாம். பற்சக்கரமற்ற நேரடி மோட்டார் எடை மிகுந்தது. தேயும் பகுதிகள் அதில் குறைவு. மிதிகட்டை அச்சின் அருகே பொருத்தப்படும் மூன்றாவது வகை மேடுகளில் நன்கு இழுக்கும்; ஆனால் சங்கிலி விரைவில் தேயும்.

மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை ஒழுங்குபடுத்துவது கன்ட்ரோலர். மிதிப்பதை உணரும் கருவி, கைப்பிடி விசை, பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் நெம்புகோல்கள், மின்கலத் தொகுப்பு, சார்ஜர் ஆகியவை ஏனைய உறுப்புகள். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி கொண்ட மின்கலம் 360 வாட் மணி ஆற்றலைத் தரும். சமதளத்தில் மிதமாக மிதித்துச் செல்லும்போது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 15 வாட் மணி செலவாகும். ஆகவே ஒருமுறை சார்ஜ் செய்தால் 25 முதல் 35 கிலோமீட்டர் வரை செல்லலாம். இதற்கு ஆகும் மின்சாரம் அரை யூனிட்டிற்கும் குறைவே.

சட்டம் வகுத்துள்ள எல்லை

மின்விசை மிதிவண்டியின் திறனுக்கு ஒவ்வொரு நாடும் வெவ்வேறு வரம்பு வைத்துள்ளது. ஐரோப்பியத் தரம் 250 வாட் தொடர் திறனையும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தையும் எல்லையாகக் கொள்கிறது. அமெரிக்காவின் 2002 ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் 750 வாட்டுக்குக் குறைவான மோட்டாரையும், மணிக்கு 20 மைல் வேகத்தையும் ஏற்கிறது. சீனாவின் வரம்பு 400 வாட். ஒரே தொழிற்சாலை இம்மூன்று சந்தைகளுக்கும் சரக்கு அனுப்புவதால், 500 வாட், 1,000 வாட் சாதனங்களும் பட்டியலில் அருகருகே காணப்படுகின்றன. விலை வேறுபாடு சிறிது என்பதால் கூடுதல் திறனையே நாடும் ஆவல் எழுகிறது.

இந்தியாவில் 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இவ்வகையில் தெளிவானவை. மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்டும், மின்கலம் நீங்கலான எடை 60 கிலோகிராமுக்கு மிகாமலும் இருக்கும் மின்கல வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. மிதித்தலுக்குத் துணையாக மட்டும் மோட்டார் இயங்கும் வண்டியில், வேகம் 25 கிலோமீட்டரை எட்டும்போதோ மிதிப்பது நின்றபோதோ மோட்டாரின் உந்துதல் நின்றுவிட வேண்டும். தக்க பிரேக்குகளும் ஒளியைத் திருப்பியனுப்பும் வில்லைகளும் அவசியம்.

இவ்விலக்கில் பலரும் கவனியாத ஒரு நிபந்தனை உள்ளது. மேற்கூறியவற்றை விதிகளில் குறிப்பிட்ட சோதனை நிலையம் ஒன்று சரிபார்த்துச் சான்றளித்திருக்க வேண்டும். புனேயிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், மானேசரிலுள்ள பன்னாட்டு வாகனத் தொழில்நுட்ப மையம் ஆகியவை இத்தகைய நிலையங்கள். ஐரோப்பியச் சான்று இந்தியச் சான்றுக்கு மாற்றாகாது. எனவே 250 வாட் என்று பொறிக்கப்பட்ட அயல்நாட்டுச் சாதனமும் அக்காரணத்தால் மட்டுமே விலக்குப் பெற்றதாகிவிடாது.

வரம்பை மீறிய வண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுநர் உரிமம், பதிவு, மூன்றாம் நபர் காப்பீடு ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். வீட்டில் பொருத்திய 1,000 வாட் வண்டிக்கு இவற்றுள் ஒன்றும் இராது. அவ்வண்டி யார் மீதேனும் மோதினால், இழப்பீட்டின் முழுச் சுமையும் அதன் உடைமையாளர் மீது விழும். நாட்கூலியில் வாழும் ஒருவரின் குடும்பத்தை இது நிலைகுலையச் செய்துவிடும்.

பெட்ரோல் இருசக்கர வண்டியை மின்வண்டியாக மாற்றுவது இதிலிருந்து வேறுபட்டது. அதற்கு ஏற்பளிக்கப்பட்ட சாதனமும், பதிவுச் சான்றில் மாற்றமும் தேவை.

சக்கர அளவில் நேரும் பிழை

இந்திய நகரங்களிலும் சிற்றூர்களிலும் சுமை ஏற்றிச் செல்லும் கனத்த மிதிவண்டியின் டயரில் 28 x 1½ என்று பொறிக்கப்பட்டிருக்கும். அதன் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் 28 அங்குலம் என வழங்கும் சக்கரத்தில் அவ்விட்டம் 622 மில்லிமீட்டர் மட்டுமே. பெயர் ஒன்றாயினும் அளவு வேறு. 28 அங்குலம் என்று மட்டும் எழுதி வரவழைத்த மோட்டார் சக்கரத்தில் பழைய டயர் பொருந்தாது. கம்பி இழுத்து இயங்கும் பழைய வகைப் பிரேக்கின் கட்டைகளும் அந்த ரிம்முக்கு இசையாது.

ஆகவே அங்குலக் கணக்கை விடுத்து மில்லிமீட்டர் கணக்கில் எழுதிக் கேட்பதே முறை. மோட்டாரை மட்டும் வாங்கி, உள்ளூர்ச் சைக்கிள் கடையில் பழைய ரிம்மிலேயே புதிய கம்பிகள் கோத்துக்கொள்வது பெரும்பாலும் சிக்கனமான வழி.

அடுத்து அளக்க வேண்டியது அச்சு அமரும் இடைவெளி. சாதனங்கள் பொதுவாக முன்சக்கரத்திற்கு 100 மில்லிமீட்டரும், பின்சக்கரத்திற்கு 135 மில்லிமீட்டரும் எனத் தயாரிக்கப்படுகின்றன. பழைய வண்டிகளில் இடைவெளி இதனினும் குறைவாக இருக்கக்கூடும். மோட்டாரின் சுழற்றுவிசை அச்சையே எதிர்த்திசையில் திருக முயல்வதால், அதைத் தடுக்கும் எஃகுப் பிடியும் பொருத்தப்பட வேண்டும். அது இல்லையேல் அச்சு கழன்று முன்சக்கரம் ஓடும்போதே விலகும் அபாயம் உண்டு.

மின்கலத்தை எங்கே வாங்குவது?

லித்தியம் அயனி மின்கலம் பன்னாட்டுப் போக்குவரத்தில் அபாயகரமான சரக்காக வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஐக்கிய நாடுகளின் சோதனைக் கையேட்டில் 38.3 ஆம் பிரிவு கூறும் சோதனைகளில் அது தேறியிருக்க வேண்டும். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்டது. சரக்கு விமானத்திலும் அவற்றின் மின்னேற்றம் 30 சதவீதத்திற்கு மேற்படலாகாது. பயணி ஒருவர் விமான நிறுவனத்தின் ஒப்புதலுடன் கொண்டு செல்லக்கூடிய உதிரி மின்கலத்தின் வரம்பும் 160 வாட் மணியே. மிதிவண்டி மின்கலமோ 360 வாட் மணி. வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் இதனால் கைவிடத்தக்கது.

இக்காரணங்களால் மோட்டாரையும் கன்ட்ரோலரையும் அயல்நாட்டிலும், மின்கலத்தை உள்நாட்டிலும் வாங்குவது நன்று. உள்நாட்டுத் தொகுப்புகளிலும் பெரும்பாலான கலங்கள் இறக்குமதியானவையே. ஆயினும் பழுது நேர்ந்தால் அணுகுவதற்குத் தொகுப்பாளர் அருகிலிருக்கிறார்.

இங்கு ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை தேவைப்படுகிறது. 36 வோல்ட் எனப்படும் தொகுப்பு இருவகையாக அமையலாம். நிக்கல் வகைக் கலங்கள் 10 கொண்டது 42 வோல்ட்டில் முழு மின்னேற்றம் பெறும். இரும்புப் பாஸ்பேட் கலங்கள் 12 கொண்டது 43.8 வோல்ட்டில் நிறையும். பின்னதற்குரிய சார்ஜரை முன்னதில் இணைத்தால் மிகை மின்னேற்றமும் தீயும் விளையலாம். ஆகவே மின்கலமும் சார்ஜரும் ஒரே இடத்தில், ஒரே வகைக்கென வாங்கப்பட வேண்டும்.

2022 ஆம் ஆண்டில் மின் ஸ்கூட்டர்கள் சில தீப்பற்றியதை அடுத்து, மோட்டார் வாகன மின்கலங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரம் கடுமையாக்கப்பட்டது. மிதிவண்டி மின்கலம் வாங்குபவரும் இதே அளவுகோலைக் கொண்டு தொகுப்பாளரிடம் வினா எழுப்பலாம்.

அடக்க விலையைக் கணக்கிடல்

சுங்கத் தீர்வை பொருளின் விலை மீது மட்டும் விதிக்கப்படுவதன்று. விலை, சரக்குக் கட்டணம், காப்பீடு ஆகியவை சேர்ந்த மதிப்பே அதன் அடிப்படை. 2007 ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின்படி, விமானத்தில் வரும் சரக்குக்கான கட்டணம் பொருள் விலையின் 20 சதவீதத்திற்கு மேல் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. காப்பீட்டுத் தொகை தெரியாதபோது 1.125 சதவீதம் சேர்க்கப்படும்.

எடுத்துக்காட்டாக, சாதனத்தின் விலை ரூ. 15,000, விமானக் கட்டணம் ரூ. 5,000 எனக் கொள்வோம். தீர்வைக்காகக் கட்டணம் ரூ. 3,000 என்றும், காப்பீடு ரூ. 169 என்றும் சேர்க்கப்பட, மதிப்பு ரூ. 18,169 ஆகும். அடிப்படைத் தீர்வை 15 சதவீதம் என்றால் ரூ. 2,725. அத்தீர்வையின் மீது 10 சதவீதச் சமூக நலக் கூடுதல் வரி ரூ. 273. இவையனைத்தும் சேர்ந்த ரூ. 21,167 மீது 18 சதவீத ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி ரூ. 3,810. வாங்குபவர் கையிலிருந்து செல்லும் மொத்தத் தொகை ரூ. 26,808. பட்டியல் விலையைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு!

இங்குக் கொண்ட தீர்வை, வரி விகிதங்கள் கணக்கை விளக்கும் பொருட்டே. உண்மை விகிதம் பொருளின் வகைப்பாட்டைப் பொறுத்தது. சொந்த உபயோகத்திற்கு அஞ்சலிலும் விமானத்திலும் வருவனவற்றுக்குத் தனித் தலைப்பே உண்டு. மின் வாகனத்திற்கு 2019 ஆகஸ்ட் முதல் நடைமுறையிலுள்ள 5 சதவீத வரி, தனித்தனியே வரும் உதிரிப் பாகங்களுக்குத் தானாகப் பொருந்திவிடாது. வாங்கும் நாளில் நடைமுறையிலுள்ள விகிதத்தைச் சுங்கத் துறை அறிவிக்கைகளில் காண்பதே பாதுகாப்பு.

சில விற்பனையாளர்கள் பொதியின் மீது அன்பளிப்பு என்று எழுதித் தரவும், விலையைக் குறைத்துக் காட்டவும் முன்வருவர். அன்பளிப்பு என்ற பெயரில் இவ்வாறு பொருள் வரவழைப்பது 2019 டிசம்பர் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. மதிப்பைத் தவறாகக் காட்டினால், 1962 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி பொருள் பறிமுதலும் அபராதமும் நேரும். தண்டனைக்கு உள்ளாகுபவர் விற்பவரல்லர், வாங்குபவரே.

வணிகத்திற்காக இறக்குமதி செய்யும் கடைக்காரருக்கு இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டெண் வேண்டும். மின்கலமும் இறக்குமதி செய்பவர் 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி உற்பத்தியாளராகவே கருதப்படுவார். பயன் தீர்ந்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பும் அவரைச் சாரும்.

விற்பவரைத் தேர்தல்

உத்தரவாதம் ஓராண்டு என்று எழுதியிருப்பினும், பழுதான மோட்டாரைத் திருப்பியனுப்பும் செலவு பெரும்பாலும் வாங்கியவருடையது. ஆதலால் உத்தரவாதக் காலத்தைவிட உதிரிப் பாகங்கள் கிடைப்பதே முக்கியம். நைலான் பற்சக்கரம், கன்ட்ரோலர், மிதிப்பை உணரும் கருவி ஆகியவை தனித்தனியே விற்கப்படுகின்றனவா எனக் கேட்டறிய வேண்டும். மோட்டாரின் 30 நிமிடத் திறன், வேக வரம்பு, அச்சின் அகலம், இணைப்பிகளின் வகை ஆகியவற்றை விலைச்சீட்டிலேயே எழுதிப் பெறுதல் நன்று. பலர் கூட்டாக வாங்கும்போது முதலில் ஒரு சாதனத்தை மட்டும் வரவழைத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டிப் பார்த்தபின் எஞ்சியவற்றைத் தருவிக்கலாம்.

உள்நாட்டு உற்பத்தியின் தேவை

ஹப் மோட்டாரின் வலிமை அதிலுள்ள அருமண் காந்தங்களைச் சார்ந்தது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் தேவையென விதித்தபோது, இந்திய மின் வாகனத் தொழிற்சாலைகள் இடர்ப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை, அருமண் நிலைக்காந்த உற்பத்திக்கு ரூ. 7,280 கோடித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. மிதிவண்டித் தொழிலில் நெடிய அனுபவமுள்ள லூதியானா போன்ற நகரங்கள், 635 மில்லிமீட்டர் சக்கரத்திற்கென்றே, சோதனை நிலையத்தின் சான்றுடன், எளிய சாதனமொன்றை உருவாக்குமாயின் மேற்கூறிய இடர்களுள் பல நீங்கும்.

அதுகாறும் அயல்நாட்டுக் கொள்முதல் தொடரவே செய்யும். மாவட்டத் தொழில் மையங்களும், தொழிற்பயிற்சி நிலையங்களும் அளவெடுத்தல், சான்று கேட்டல், அடக்க விலை காணல் ஆகிய மூன்றையும் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தல் பயனுடையது. தொகை அனுப்பிய பின்னர் தெரிய வரும் உண்மைக்கு ஏழை கொடுக்கும் விலை பெரிது. முன்கூட்டி அறிந்துகொள்ள ஓர் அளவுநாடாவும் சில வினாக்களும் போதும்.