எமது பாதையும் எருக்கலையும்

எமது வளாகத்தின் உயிர்ப்பல்வகைமைப் பாதையைப் பார்க்க வருவோர் முதலில் மரங்களின் பெயர்ப்பலகைகளைத்தான் பாராட்டுகிறார்கள். பலகைகளை ஊர்த் தச்சர் ஒருவர் இலவசமாகச் செய்து தந்தார். கன்றுகள் பழைய மாணவிகளின் அன்பளிப்பு. இப்படியான உதவிகளைக் கேட்டுப் பெறுவது எளிது. ஒன்றை வெட்டாமல் விடும்படி கேட்பதுதான் கடினம்.

சிரமதானத்துக்கு வரும் பெற்றோருக்கு மதிலோரத்து எருக்கலை வெறும் பற்றை. ஆனால் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி எருக்கலையிலும் அதன் இனத் தாவரங்களிலுமே முட்டையிடும். குடம்பி உண்ணும் இலையின் நச்சு உடலில் சேர்வதால் பறவைகள் பெரும்பாலும் அதனைத் தீண்டுவதில்லை. வேறு சில இனங்களுக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வேண்டும். குடம்பிக்கு உணவில்லாத இடத்தில் எத்தனை பூஞ்செடி நட்டாலும் வண்ணத்துப்பூச்சி பெருகாது.

சென்ற சிரமதானத்தில் இதைச் சொன்னேன். "பாம்பு கீம்பு வந்தா ஆரு புள்ள பொறுப்பு?" என்றார் தோழி ஒருத்தியின் உம்மா. நியாயமான கேள்வி. சின்ன வகுப்புப் பிள்ளைகளும் நடக்கும் பாதை அல்லவா? இருபுறமும் புல்லை ஒட்ட வெட்டி, 5 எருக்கலைகளை மட்டும் விடுவதென்று முடிவாயிற்று. அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டியவரும் அந்த உம்மாதான். மழை விட்டதும் தரம் 6 மாணவிகள் அங்கே முட்டை எண்ணத் தொடங்குவார்கள்.