நண்பன் கல்யாணத்துக்குக் கும்பலாகப் போகிறவர்கள் கவனத்துக்கு

இருபத்தைந்து வயதைத் தாண்டினால் வாட்ஸ்அப்பில் பத்திரிகைகள் வந்து விழ ஆரம்பித்துவிடும். தை, ஆவணி என்றால் கேட்கவே வேண்டாம். கல்லூரி முடிந்து ஆளுக்கொரு ஊரில் இருக்கும் கும்பல் மறுபடி கூட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நாம் போவது ஒரு வீட்டு விசேஷத்துக்கு. அதை நம்முடைய கெட்-டுகெதர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியவை

தேதி காதில் விழுந்ததும் குறித்துவைத்து, முன்பதிவு திறக்கும் அன்றைக்கே டிக்கெட் போடுங்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. நல்ல முகூர்த்தம் ஊருக்கே பொது என்பதால், பாண்டியன், நெல்லை எக்ஸ்பிரஸ்கள் அந்த வாரக் கடைசியில் சீக்கிரமே வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். தட்கல் இருக்கிறதே என்பவர்கள், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி என்பதையும், இணையத்தில் போட ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஆம்னி பஸ்ல பாத்துக்கலாம் மச்சான்’ என்பவன் எல்லாக் கும்பலிலும் ஒருவன் உண்டு. அவனிடம் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.

மொய் எழுதுங்கள். ‘நாமெல்லாம் ஃபிரெண்ட்ஸ், கிஃப்ட் போதும்’ என்பது சென்னையில் செல்லும். மதுரை, தேனிப் பக்கம் மொய் என்பது வரவு செலவுக் கணக்கு. அந்த வீட்டார் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்து, நாளை உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வார்கள். கெடு தேதி இல்லாத கடன். 500 என்றால் 501 ஆகக் கொடுங்கள். மண்டபத்தில் பெண் வீட்டுக்கு ஒரு மேசை, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மேசை இருக்கலாம். எது எது என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். எழுதுகிற பெரியவர் ‘எந்த ஊர்?’ என்பார். ‘ஃபிரெண்டுங்க’ என்று சொன்னால் அவர் பேனா நகராது. ஊர், அப்பா பெயர், உங்கள் பெயர் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

சேர்ந்து பரிசு வாங்குவதென்றால், வசூல் முடிந்த பிறகே கடைக்குப் போங்கள். ‘நீ போட்டுடு, ஜிபே பண்றேன்’ என்ற வாக்கியத்தை நம்பி வாங்கியவர்கள் தாலி கட்டிக் குழந்தை பிறந்த பிறகும் பாக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மண்டபத்துக்குப் போனதும் மாப்பிள்ளையைத் தேடி ஓடாமல், அவன் அப்பாவிடம் ‘அப்பா, ஏதாவது செய்யணுமா?’ என்று கேளுங்கள். ‘ஒண்ணும் வேணாம்பா, சாப்பிடுங்க’ என்பார். விட்டுவிடாதீர்கள். தண்ணீர் கேன் இறக்க, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பெரியம்மாவைக் கூட்டிவர, பந்தியில் பாயசம் ஊற்ற ஆள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

‘உனக்கு எப்போ?’ என்ற கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள். ‘பாத்துக்கிட்டு இருக்காங்க ஆன்ட்டி’ போதுமானது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் ஜாதகம் கேட்பார்கள்.

செய்யக்கூடாதவை

வரவேற்பு மேடையை ஆக்கிரமிக்காதீர்கள். வெங்காய மாலை, பால் புட்டி, கூலிங் கிளாஸ் மாட்டி ஒரு போஸ், எல்லோரும் எகிறிக் குதித்து இன்னொரு போஸ். போட்டோகிராபர் ‘ஒன் மோர்’ என்று வேறு ஏற்றிவிடுவார். கீழே படிக்கட்டில் மூட்டு வலியோடு ஒரு பாட்டி, ஒரு கையில் கைப்பிடிக் கம்பி, மறு கையில் வியர்வையில் நனைந்த மொய்க்கவர் என்று நிற்பார். அவருக்குக் கடைசி பஸ் ஒன்பது மணிக்கு. பால் புட்டியைப் பார்த்து மணப்பெண்ணின் அப்பா சிரிக்கிறாரா என்றும் ஒரு தடவை கவனியுங்கள்.

சாலையில் பேனர் வைக்காதீர்கள். சிறுத்தை, வாள், நம் இருபது முகங்கள், கீழே ஒரு பஞ்ச் வசனம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்துபோனார். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர் அவர். பேனர் அடித்துத் தருகிறோம் என்று முன்வருகிற நண்பனுக்கு இதை ஒருமுறை சொல்லுங்கள். கேட்காவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

லாட்ஜில் முதல் நாள் ராத்திரி ‘பேச்சிலர் பார்ட்டி’ என்று மாப்பிள்ளையை இழுக்காதீர்கள். பல வீடுகளில் முகூர்த்தம் விடியற்காலை ஆறு மணிக்கே இருக்கும். வாடை அடிக்கிற வாயோடு அவன் அம்மா பக்கத்தில் போய் நிற்காதீர்கள். கண்டுபிடித்துவிடுவார், சொல்லமாட்டார்.

அவனுடைய பழைய காதல் கதை, பட்டப்பெயர் எதையும் மணப்பெண் காதில் போடாதீர்கள். தமாஷுக்குக்கூட வேண்டாம்.

பந்தியில் பக்கத்தில் பெரியவர் இன்னும் மோர் சாதத்தில் இருக்கும்போது இலையை மூடிவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

கல்யாணம் முடிந்த மறுவாரமே ‘பொண்டாட்டி வந்ததும் மறந்துட்டான்’ என்று குரூப்பில் போடாதீர்கள். அவன் மறுவீடு, குலதெய்வம் கோயில் என்று அலைந்துகொண்டிருப்பான்.

லீவு கிடைக்காமல் கத்தாரில் மாட்டிக்கொண்டவனுக்குக் கும்பல் போட்டோ அனுப்பி ‘மிஸ் யூ டா’ என்று எரிச்சலூட்டாதீர்கள். தாலி கட்டும்போது எடுத்த வீடியோவை அனுப்பினால் போதும். பரிசுக்கான பங்கை முதலில் அனுப்பியவன் அநேகமாக அவனாகத்தான் இருப்பான். பாக்கி எல்லாம் நேரில் வந்து சாப்பிட்டவர்களிடம்தான்.